விடுதலைக்கு மறுநாள்

புழலில் சிறைத்துறை நடத்தும் பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்தினால், “ஜீரோ பாத்துக்குங்க சார்” என்று சொல்லிவிட்டுப் பைப்பைச் செருகுகிறவர் தண்டனைக் கைதி. காசை வாங்கி எண்ணுகிறவரும், கார்டு மெஷினை நீட்டுகிறவரும் கைதிகள்தான். இந்தியன் ஆயிலோடு சேர்ந்து வேலூர், கோவை, திருச்சி, பாளையங்கோட்டை என்று பல ஊர்களில் சிறைத்துறை இப்படி பங்க் நடத்துகிறது. 2023 ஆகஸ்டில் புழல் – அம்பத்தூர் சாலையில் பெண் கைதிகளே நடத்தும் பங்க் திறந்தபோது, நாட்டிலேயே இதுதான் முதல் என்று செய்தி வந்தது. நாள் முழுக்கக் கையில் பணம் புரள்கிறது. எதிரே சாலை திறந்து கிடக்கிறது. வேலை நேரம் முடிந்ததும் கணக்கை ஒப்படைத்துவிட்டு எல்லோரும் உள்ளே போய்விடுகிறார்கள்.

அதே ஆள் தண்டனை முடிந்து வெளியே வந்து, நாலு கிலோமீட்டர் தள்ளி ஒரு தனியார் பங்க்கில் வேலை கேட்கிறார் என்று வையுங்கள். “முன்னாடி எங்கே வேலை பார்த்தீங்க?” என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். உண்மையைச் சொன்னால் வேலை கிடைக்காது. சொல்லாவிட்டால் இத்தனை வருஷ அனுபவமும் கணக்கில் வராது. கைதியாக இருந்தவரை கல்லாப்பெட்டியை நம்பிக் கொடுத்தோம். தண்டனையை முழுசாக முடித்த பிறகு நம்ப மறுக்கிறோம். பங்க் வேலை கைதிகளுக்கென்று ஏற்பட்டது, பெரும்பாலும் விடுதலையோடு அதுவும் போய்விடும்.

தமிழ்நாட்டுச் சிறைகளுக்குள் நடப்பதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. வேலூரில் போலீஸ்காரர்களுக்கு பூட்ஸ் தைக்கிறார்கள், கோவையில் தறி ஓடுகிறது, புழலில் ரொட்டி சுடுகிறார்கள், சிறை அங்காடிகளில் வியாபாரம் நடக்கிறது. பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் உள்ளே இருந்தே எழுதிப் பாஸ் செய்கிறார்கள். சென்னைப் புத்தகக் காட்சியில் ‘கூண்டுக்குள் வானம்’ என்று அரங்கு போட்டு, கைதிகளுக்காகப் புத்தகம் தானமாக வாங்குகிறது சிறைத்துறை. அரசின் அக்கறை இருக்கிறது, ஆனால் அது மதிலோடு நின்றுவிடுகிறது. கேட்டைத் தாண்டிய நிமிஷத்திலிருந்து அந்த மனிதரைத் தேடிவரும் ஒரே அரசு அலுவலகம் போலீஸ் ஸ்டேஷன்.

கிளாம்பாக்கத்துக்கு எப்படிப் போவது?

ஒரு மனிதரை நினைத்துக்கொள்வோம். ஊர் திண்டிவனம் பக்கம். கட்டட வேலைக்குச் சென்னை வந்த இடத்தில் குடித்துவிட்டுத் தகராறு. கூட வேலை பார்த்தவன் செத்துப்போனான். 2007இல் உள்ளே போகும்போது வயது 31. ஆயுள் தண்டனை. 2024இல் ஒரு காலை நேரம் விடுதலை. அங்க அடையாளம், கைரேகை எல்லாம் பதிவேட்டோடு சரிபார்க்கிறார்கள். வந்த அன்று வாங்கி வைத்த சட்டையும் பேன்ட்டும் திரும்பக் கிடைக்கின்றன, இடுப்பு சேராது. சிறையில் சம்பாதித்த கூலியில் சாப்பாட்டுக்கென்றும், பாதிக்கப்பட்டோர் நிதிக்கென்றும் பிடித்ததுபோக மிச்சமும், வழிச்செலவுக்குக் கொஞ்சமும் கையில் இருக்கும்.

அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: கோயம்பேடு போனால் திண்டிவனத்துக்கு பஸ். ஆனால் 2023 டிசம்பர் 30ஆம் தேதி திறந்த கிளாம்பாக்கம் நிலையத்துக்குத் தென்மாவட்ட பஸ்கள் போய்விட்டன. புழல் சென்னையின் வடகோடி, கிளாம்பாக்கம் தென்கோடி. டீக்கடையில் டீ குடித்துவிட்டு ஐந்நூறு ரூபாயை நீட்டினால், “சில்லறை இல்ல, ஜிபே பண்ணுங்க” என்பார்கள். அவர் உள்ளே போனபோது இருந்த ஐந்நூறு ரூபாய் நோட்டே இப்போது செல்லாது.

ஊருக்குப் போய்ச் சேர்ந்தாயிற்று. ரேஷன் கார்டில் பெயர் இருக்குமா என்பது சந்தேகம். வாக்காளர் பட்டியலிலும் அப்படித்தான். சிறையில் இருக்கும்வரை ஓட்டு கிடையாது என்பது சட்டம். வெளியே வந்ததும் உரிமை திரும்பிவிடுகிறது, பெயர் தானாகத் திரும்புவதில்லை. அம்மா செத்துப்போயிருப்பார். விட்டுப்போனபோது கைக்குழந்தையாக இருந்த மகளுக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருக்கும். அந்த நேரம் பார்த்து அப்பா வாசலில் வந்து நிற்பது அந்த வீட்டுக்குச் சந்தோஷமா, சங்கடமா? இரண்டும்தான். “மாப்பிள்ளை வீட்ல வெளிநாட்ல இருக்கார்னு சொல்லி வெச்சிருக்கோம்” என்று மச்சான் காதோடு சொல்லுவார்.

ராத்திரியும் லேசில் பழகாது. பதினேழு வருஷமாகச் சாயங்காலம் ஆறு மணிக்கு லாக்கப், விடிய விடிய விளக்கு, சுற்றிலும் ஆள். இருட்டில் தனியாகப் படுத்தால் தூக்கம் வராது. கதவு திறந்திருந்தாலும், யாராவது சொல்லட்டும் என்று வாசற்படியில் ஒரு கணம் நிற்கிற பழக்கம் சிலருக்கு மாதக்கணக்கில் போவதில்லை.

ஊருக்கே திரும்ப முடியாதவர்களும் உண்டு. தென்மாவட்டங்களில் ஒரு கொலைக்குப் பின்னால் இன்னொரு கொலை வரிசையில் நிற்கிறது. செத்தவனின் தம்பி இரண்டு தெரு தள்ளி இருக்கிறான். அவனுக்கு அப்போது பத்து வயது, இப்போது இருபத்தேழு. விடுதலையான ஆள் ஊருக்குள் வந்தால் போலீஸுக்கே வயிற்றைக் கலக்கும். “கொஞ்ச நாள் திருப்பூர், ஈரோடுன்னு எங்கயாச்சும் போய் இருங்களேன்” என்பார்கள். எந்த முகவரிக்கு, யாரை நம்பி என்பதற்கு அவர்களிடமும் பதில் கிடையாது. விடுதலையானவர்கள் தங்கி மூச்சு விடுவதற்கு ஊருக்கு ஒரு இடைக்கால இல்லம் என்பதெல்லாம் இங்கே இன்னும் பழக்கத்துக்கு வரவில்லை.

எம்.எல்.ஏ. ஆகலாம், வாட்ச்மேன் ஆக முடியாது

ஐம்பதை நெருங்குகிற, பெரிய படிப்பு இல்லாத ஆணுக்கு நம் ஊரில் சுலபமாகக் கிடைக்கும் வேலை செக்யூரிட்டி வேலை. ஏ.டி.எம். வாசல், அபார்ட்மென்ட் கேட், கல்யாண மண்டபம். தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், 2005 என்று ஒன்று இருக்கிறது. அதன் 10ஆவது பிரிவு, நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற எவரையும் காவலாளியாகவோ மேற்பார்வையாளராகவோ அமர்த்தக் கூடாது என்கிறது. என்ன குற்றம், எத்தனை வருஷத்துக்கு முன்னால் என்ற பாகுபாடு அதில் இல்லை. காலக்கெடுவும் இல்லை.

இதன் பக்கத்திலேயே மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 8ஆவது பிரிவை வைத்துப் பாருங்கள். இரண்டு வருஷமோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர், விடுதலையான நாளிலிருந்து ஆறு வருஷம் கழித்துத் தேர்தலில் நிற்கலாம். சட்டமன்றத்துக்குள் போக முடிகிற அதே மனிதர், அதன் வாசலில் தனியார் நிறுவனச் சீருடை போட்டுக் காவல் நிற்க முடியாது. அரசியல்வாதிக்கு விதித்த ஆறு வருஷம் போதாது என்று வாதாடலாம். அது வேறு கட்டுரை. ஒரு கணக்கு தீர்ந்ததற்கு ஒரு தேதி வேண்டும் என்று சட்டம் அவருக்காவது ஒப்புக்கொள்கிறது. வாட்ச்மேனுக்கு அந்தத் தேதியே கிடையாது.

இங்கிலாந்தில் 1974இலேயே இதற்கென ஒரு சட்டம் வந்துவிட்டது. குற்றம் செய்யாமல் குறிப்பிட்ட காலம் கடந்துவிட்டால், பெரும்பாலான வேலைகளுக்குப் பழைய தண்டனையைச் சொல்ல வேண்டியதில்லை. நம்மிடம் துண்டு துண்டாக இருக்கிறது: சிறார் நீதிச் சட்டத்தின் 24ஆவது பிரிவு சிறுவர்களுக்கு, 1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின் 12ஆவது பிரிவு சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தையில் விடப்பட்டவர்களுக்கு. சிறைக்குள் போய் முழுத் தண்டனையையும் அனுபவித்தவருக்குப் பொதுவான சட்டம் எதுவும் இல்லை.

வேலை கிடைக்காமல் போவதற்குச் சட்டம்கூட வேண்டாம். கம்பெனிகள் போலீஸ் வெரிஃபிகேஷன் கேட்கின்றன. வீட்டுக்காரரும் கேட்கிறார், சென்னையில் வாடகைக்கு இருப்பவர்களின் விவரத்தை ஸ்டேஷனில் கொடுக்கச் சொல்லி 2012இல் உத்தரவு வந்ததிலிருந்து அந்தப் பழக்கம் ஊன்றிவிட்டது. எதுவும் கேட்காமல் சேர்த்துக்கொள்கிற இடங்களாக மிஞ்சுவது மீன் மார்க்கெட், சென்ட்ரிங் வேலை, பரோட்டா மாஸ்டர், லாரி கிளீனர். சிறை மீண்டவர்களை வாழவைக்கிறவர்கள் இந்தச் சின்ன முதலாளிகள்தான்.

இன்னும் ஒருவர் இருக்கிறார், ஏரியா அண்ணன். சினிமாவில் கேட் திறந்ததும் மாலையோடு கார் நிற்குமே, அது முழுக் கற்பனை இல்லை. வக்கீல் ஃபீஸ் கட்டியது, வீட்டுக்கு மாதாமாதம் பணம் கொடுத்தது, மனு போட்டுப் பார்க்க ஆள் அனுப்பியது, வெளியே வந்த அன்றைக்கே கையில் செலவுக்குக் கொடுப்பது, மறுநாளே ‘வேலை’ கொடுப்பது எல்லாம் அவர்தான். சிறை மீண்டவர்களுக்கு இந்த நாட்டில் குறையில்லாமல் நடக்கும் ஒரே நலத்திட்டம் ரவுடி கும்பலின் திட்டம் என்பது கசப்பான உண்மை. பத்தொன்பது வயதுப் பையன் முதல் முறை ரிமாண்டில் போய்விட்டு வரும்போது, அந்தக் காருக்கு மாற்றாக எதிரே நிறுத்த அரசிடம் ஒரு சைக்கிள்கூட இல்லை.

பதிவேட்டில் பெயர்

ஸ்டேஷன் விஷயத்துக்கு வருவோம். ‘சரித்திரப் பதிவேடு குற்றவாளி’ என்று பேப்பரில் அடிக்கடி படிக்கிறோம். காவல் நிலையத்தில் ஒருவர் பெயரில் ஹிஸ்டரி ஷீட் திறந்துவிட்டால், ராத்திரி வந்து கதவைத் தட்டி ஆள் இருக்கிறாரா என்று பார்க்கலாம். தேர்தல், தேர் திருவிழா, மந்திரி வருகை என்றால் கூப்பிட்டு உட்கார வைக்கலாம். போலீஸுக்கு இது தேவையே இல்லை என்று சொல்ல வரவில்லை. தொடர்ந்து கத்தியோடு திரிகிறவனைக் கண்காணிக்காமல் இருக்க முடியாது. ஆனால் ஒழுங்காக ஆட்டோ ஓட்டிக்கொண்டிருக்கிற ஒருவரைத் தெருவே பார்க்கச் சட்டைக் காலரைப் பிடித்து ஜீப்பில் ஏற்றினால், அன்றைக்கே அவருடைய ஸ்டாண்டு போயிற்று, வாடகை வீடு போயிற்று. பதிவேட்டில் பெயர் ஏறுவதற்கு இருக்கும் வேகம் நீக்குவதற்கு இல்லை. நீக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் வரை போகிறவர்கள் இருக்கிறார்கள்.

இந்த மனப்போக்குக்கு இங்கே பழைய வேர் உண்டு. 1871இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த குற்றப்பரம்பரைச் சட்டம், பின்னாளில் பிறந்த சாதிக்காகவே ஆயிரக்கணக்கானவர்களை ஸ்டேஷனில் கைரேகை வைக்கச் சொன்னது. 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது அந்த ரேகைச் சட்டத்தை எதிர்த்ததற்காக. சென்னை மாகாணத்தில் 1947இல் அது போனது. அடுத்த வருஷமே ‘வழக்கமான குற்றவாளிகள்’ கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது.

வெளியே வந்தபின் என்ன நடக்கும் என்பதற்கு நமக்கு நன்றாகத் தெரிந்த சாட்சி வ.உ.சி. அவர் செய்தது குற்றமே அல்ல என்பது வேறு. ஆனால் 1912 டிசம்பரில் கண்ணூர் சிறையிலிருந்து வந்தபோது சட்டத்தின் கண்ணில் அவர் தண்டனை முடித்த கைதி. கப்பல் விட்டவர், செக்கிழுத்தவர் என்று பின்னால் கொண்டாடிய ஊர் அன்று அவரை வரவேற்கக் கூடவில்லை. வக்கீல் சன்னது பறிபோயிருந்தது; தெரிந்த ஒரே தொழில் அதுதான். சென்னையில் வீடு மாறி வீடு மாறி, அரிசியும் எண்ணெயும் விற்றுப் பார்த்தார். பத்து வருஷம் கழிந்த பிறகு வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதியின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. கோவில்பட்டியில் மறுபடி கறுப்புக் கோட்டு மாட்டினார். அந்த நன்றிக்குத் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். வெள்ளைக்கார அரசை எதிர்த்துச் சிறை போனவர், பிள்ளைக்கு வெள்ளைக்காரர் பெயரை வைக்கிறார் என்றால், அந்தச் சன்னது அவருக்கு என்னவாக இருந்திருக்கும் என்று யோசிக்கலாம்.

பெண்களும், தண்டனையே பெறாதவர்களும்

ஆண்கள் சிறைகளில், கைதிகளைப் பார்க்க மனு போடும் நாளில் பெண்கள் கூட்டம் நிற்கும்: அம்மா, மனைவி, அக்கா. பெண்கள் சிறையில் அந்த வரிசை சின்னது. கணவன் உள்ளே போனால் மனைவி இட்லிக்கடை போட்டாவது குடும்பத்தைத் தாங்குகிறாள், மனைவி உள்ளே போனால் பல வீடுகளில் ஆறே மாதத்தில் இன்னொரு கல்யாணம். தாயோடு சிறைக்குள் வளரும் குழந்தை ஆறு வயதோடு பிரிந்து வெளியே போக வேண்டும் என்பது 2006இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி. விடுதலையாகி வருகிற அம்மா முதலில் தேடிப் போவது அந்தப் பிள்ளையை. விடுதியிலோ மாமியார் வீட்டிலோ வளர்ந்த பிள்ளை அவளை ‘வாங்க’ என்று மரியாதையாக அழைக்கும். தையலும் பேக்கரியும் கற்று வந்தவளுக்குக்கூட முதல் தேவை தங்க ஓர் இடம்.

இன்னொரு பெருங்கூட்டத்தை யாரும் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5.73 லட்சம் பேரில் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள். நாலு பேரில் மூன்று பேர். இவர்கள் ஜாமீனிலோ விடுதலையாகியோ வருகிறார்கள். நிரபராதி என்று தீர்ப்பு வந்தாலும் ‘உள்ளே போய்ட்டு வந்தவன்’ என்ற பட்டம் மாறாது. பயிற்சி, கூலி, கடனுதவி எல்லாம் பெரும்பாலும் தண்டனைக் கைதியை மனதில் வைத்து வகுத்தவை; விசாரணைக் கைதி இழந்த வேலைக்கும் நின்றுபோன படிப்புக்கும் யாரும் பொறுப்பில்லை.

மாடு கொடுத்தால் போதுமா?

உதவியே இல்லை என்றும் சொல்ல முடியாது. சிறை மீண்டோர் நலச் சங்கம் இருக்கிறது. கலெக்டர் கையால் தையல் மெஷினும் கறவை மாடும் கொடுக்கிற படம் அவ்வப்போது உள்ளூர்ப் பக்கத்தில் வரும். வாங்கியவர்களில் நன்றாக வந்தவர்களும் உண்டு. ஆனால் மாட்டைக் கட்டச் சொந்த இடம் வேண்டும், தீவனத்துக்கு முதல் வேண்டும், பால் சொசைட்டியில் ஊற்ற ஊர் சம்மதிக்க வேண்டும். ஊரே ஒதுக்கிய ஆளுக்கு மாடு கொடுத்தால் மூன்றாம் மாதம் அது சந்தைக்குப் போகும். பொருளோடு நிற்காமல், முதல் ஒரு வருஷம் ஆளோடு கூட நடக்க ஒருவர் வேண்டும். சட்டப்படி அந்த வேலைக்குப் பொருத்தமானவர் நன்னடத்தை அலுவலர். பரோல் அறிக்கை, முன்விடுதலை அறிக்கை, நீதிமன்ற விசாரணை அறிக்கை என்று எழுதியே அவர் நாள் போய்விடுகிறது. சிறை மீண்டவர்களுக்கான பிற்கால உதவி அரசின் பொறுப்பு என்று 1980களின் தொடக்கத்திலேயே நீதிபதி முல்லா குழு சொல்லிவிட்டது. 2023இல் மத்திய அரசு தயாரித்த மாதிரிச் சிறைச் சட்டமும் அதையே பேசுகிறது.

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும், வரத்தான் வேண்டும். “செத்தவன் வீட்டுக்கு என்ன செய்தீங்க?” அண்ணா நூற்றாண்டையொட்டி 2008இல் 1,405 ஆயுள் கைதிகள் ஒரே வீச்சில் விடுதலையானபோது, மதுரைக் கவுன்சிலர் லீலாவதி கொலை வழக்குக் கைதிகளும் அதில் இருந்தது பெரும் கொதிப்பைக் கிளப்பியது. அந்தக் கோபத்தைப் பழிவெறி என்று தள்ளிவிட முடியாது. 1998இல் குஜராத் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் கைதிகளுக்கு நியாயமான கூலி தரச் சொன்னபோதே, அதில் ஒரு பங்கு பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குப் போக வழி செய்யுங்கள் என்றும் சொன்னது. தமிழ்நாட்டில் கூலியில் பிடிக்கும் நிதி அப்படி வந்ததுதான். அந்தப் பணம் உரியவர் கைக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால், வெளியே வருகிறவரின் மறுவாழ்வைப் பற்றிப் பேசவும் நமக்கு வாய் இருக்கும். இன்னொரு விஷயம்: வேலையும் வீடும் இல்லாமல் சுற்றுகிற பழைய குற்றவாளி யாருக்கு ஆபத்து? அடுத்த தெருவில் சங்கிலியோடு நடந்து போகிற பெண்ணுக்கு. கருணைக்காக இல்லாவிட்டாலும் அவளுக்காகவாவது இதைச் செய்தாக வேண்டும்.

செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டனில் செருப்புத் தைத்து, சாவி வெட்டிக் கொடுக்கும் கடைகளை நடத்தும் டிம்ப்சன் நிறுவனத்தில் பத்தில் ஒருவர் சிறை மீண்டவர். பூட்டு உடைத்து உள்ளே போனவரிடம் ஊரே வீட்டுச் சாவியைக் கொடுத்து நகல் எடுக்கிறது. அதை நடத்திய ஜேம்ஸ் டிம்ப்சன் 2024இல் அந்த நாட்டின் சிறைத்துறை அமைச்சரானார். சிங்கப்பூரில் 2004இல் மஞ்சள் ரிப்பன் இயக்கம் தொடங்கியது. விடுதலைக்கு முன்பே முதலாளிகள் சிறைக்குள் வந்து ஆளெடுக்கிறார்கள். இந்து அறக்கட்டளை வாரியம் நடத்தும் ஆசிரமம் என்ற இடைக்கால இல்லத்தில், போதைப் பழக்கத்தால் சிறை போன இந்தியர்கள், அதிலும் தமிழர்கள் பலர், தங்கிக்கொண்டே வேலைக்குப் போய் வருகிறார்கள். போதைப்பொருள் கடத்தலுக்குத் தூக்குப் போடுகிற நாடு அது. இளகிய மனசுக்காரர்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கணக்குப் பார்த்துச் செய்கிறார்கள். விடுதலையாகி இரண்டு வருஷத்துக்குள் திரும்ப உள்ளே வருகிறவர்கள் 1990களின் இறுதியில் நூற்றுக்கு 44 பேர். இப்போது சுமார் இருபது பேர்.

தமிழ்நாட்டில் எதிலிருந்து தொடங்கலாம்? செக்யூரிட்டி சட்டத்தைத் திருத்தப் பாராளுமன்றம் வேண்டும், அது இன்றோ நாளையோ நடக்காது. சிறைத்துறையின் சொந்த பங்க்கிலும் அங்காடியிலும் விடுதலையானவர்களுக்கு முதல் ஒரு வருஷம் சம்பளத்தோடு இடம் ஒதுக்குவதற்கு அதெல்லாம் வேண்டாம். ‘இவர் இங்கே இத்தனை வருஷம் இந்த வேலை பார்த்தார்’ என்று துறை ஒரு அனுபவச் சான்றிதழ் கொடுக்கலாம்; அதில் சிறை என்ற வார்த்தை இல்லாமல் இந்தியன் ஆயில் பெயரிலேயே கொடுத்தால் இன்னும் நல்லது. புழல், மதுரை, கோவை என மூன்று ஊரில் இடைக்கால இல்லம் திறக்கலாம். பெண்களுக்கான இல்லத்தை முதலில் திறக்க வேண்டும்.

கூடவே எண்ணவும் தொடங்க வேண்டும். நம் தேசியப் புள்ளிவிவரத்தில் கிடைப்பது, இந்த வருஷம் உள்ளே வந்தவர்களில் எத்தனை பேர் பழைய ஆட்கள் என்ற கணக்கு. வெளியே போனவர்களில் எத்தனை பேர் திரும்பி வரவில்லை, அவர்கள் என்ன செய்து பிழைக்கிறார்கள் என்பது வேறு கணக்கு. அதற்குப் பெரிய ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம். விடுதலை நாளில் ஒரு போன் நம்பர், ஆறு மாதத்துக்கு ஒருமுறை நன்னடத்தை அலுவலரிடமிருந்து ஒரு அழைப்பு: வேலை இருக்கா, வீடு இருக்கா, ரேஷன் கார்டில் பேர் ஏறியதா, ஸ்டேஷன்ல தொந்தரவு உண்டா? இந்த வருஷம் வெளியே வருகிறவர்களிடமிருந்து ஆரம்பித்தால், இரண்டு வருஷத்தில் மானியக் கோரிக்கை விவாதத்துக்கு முதல் பட்டியல் தயாராகிவிடும்.